கோர்ஃபக்கான் குடாவில் ஒரு பின்னேரம்

கடந்த முறை ஊருக்குப் போகும் வழியில் அக்காவின் மகனுடன் சார்ஜாவில் ஐந்து நாள் தங்கினேன். முதல் மூன்று நாளும் கடைத்தொகுதிகளைக் காட்டினான். உள்ளே பனிச்சறுக்கல், உள்ளே மீன்தொட்டி, உள்ளே நீரூற்று. எல்லாமே உள்ளேதான். நாலாம் நாள் விடிய எழும்பி, "தம்பி, எனக்கு ஒரு கடலைக் காட்டடா" எண்டு கேட்டேன்.

"கடல் பார்க்கோணுமெண்டா ஜுமேராவுக்குப் போவம் மாமா. அந்தப் பாய் மாதிரிக் கட்டடத்துக்கு முன்னால நிண்டு படமும் எடுக்கலாம்."

அவனோடு அறையைப் பகிரும் பொடியன் (பொடியன் எண்டு நான்தான் சொல்கிறேன், நாற்பது வயது தாண்டியவர்) தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணன், அது படம் எடுக்கிற கடல். சத்தம் இல்லாத கடல் வேணுமெண்டா கோர்ஃபக்கானுக்குப் போகணும். எனக்கு இண்டைக்கு லீவு. நான் கூட்டிப் போறன்."

அந்தத் தமிழ் என் காதில் எங்கேயோ தட்டியது. எந்த ஊர் எண்டு கேட்டேன். "இப்ப புத்தளம்" என்றார். அந்த "இப்ப" என்ற சொல்லுக்குப் பிறகு நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. மன்னார்க்காரனுக்கு அது போதும்.

சார்ஜாவிலிருந்து கிழக்கே மலையை ஊடறுத்துப் போகும் புது வீதி 2019-ல் திறக்கப்பட்டது. 89 கிலோமீற்றர், ஐந்து சுரங்கங்கள். பாலைவனம் முடிந்ததும் ஹஜர் மலைகள் தொடங்குகின்றன. புல் பூண்டு இல்லாத, கரியும் துருவும் கலந்த நிறத்தில், உடைத்துக் குவித்த கல் மாதிரியான மலைகள். கடைசிச் சுரங்கம் தாண்டி, அணைக்கட்டொன்றைக் கடந்து இறங்கினால் திடீரென்று கடல்.

எமிரேட்ஸ் எண்டு நாங்கள் கேள்விப்படும் டுபாயும் அபுதாபியும் பாரசீக வளைகுடாவைப் பார்த்தவை. இந்தக் கரை வேறு. இது ஓமான் வளைகுடா. இங்கிருந்து வெளிக்கிட்டால் ஓர்முஸ் நீரிணைக்குள் நுழையாமல் நேரே அரபிக்கடல், அதற்கப்பால் எங்கள் பக்கம். கோர்ஃபக்கான் சார்ஜாவுக்குச் சொந்தமான ஊர், ஆனால் சுற்றிவர புஜைரா. வரைபடத்தில் பார்த்தால் யாரோ துண்டு துணி ஒட்டியது போல இருக்கும்.

பெயருக்கு அரபியில் "இரு தாடைகளின் கழி" என்று பொருள். போய் நின்று பார்த்தால் விளங்கும். இரண்டு பக்கமும் மலை முனைகள் கடலுக்குள் நீண்டு நிற்க, நடுவே பிறை வடிவில் மணல். வளைகுடாவில் வீசும் வடமேற்குக் காற்றை முதுகுப்புற மலை மறைத்துவிடும். துறைமுகத்துக்கான அலைத்தடுப்பும் இப்போது உண்டு. அதனால் அலை என்று சொல்வதற்கே ஒன்றுமில்லை. பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பந்தெறிகிறார்கள். குடும்பங்கள் புல்லில் பாய் விரித்து இறைச்சி சுடுகின்றன. ஒரு முனையில் கொள்கலன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கிகள் போல நிற்கின்றன. அந்தத் துறைமுகம் 1979-ல் தொடங்கியது. வெளியே தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டுக் கிடக்கின்றன.

அந்தக் கப்பல்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்பதில்தான் இந்தக் கரையின் வரலாறு முழுதும் இருக்கிறது. ஓர்முஸ் ஒரு குறுகிய வாசல். அதை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குச் சுங்கம் கொடுக்கவேண்டும், பயப்படவேண்டும். வாசலுக்கு வெளியே ஒரு அமைதியான குடா இருந்தால் அதற்கு எப்போதும் விலை உண்டு. அபுதாபி தன் எண்ணெயை நீரிணைக்குள் கொண்டுபோகாமல் குழாய் போட்டு புஜைராவுக்குக் கொண்டுவந்தது 2012-ல். அதே கணக்கைத்தான் ஐந்நூறு வருசத்துக்கு முன்னர் குதிரை வியாபாரிகளும் போட்டார்கள்.

ஓம், குதிரைகள். 1507-ல் போர்த்துக்கேயர் இந்தக் குடாவுக்குள் நுழைந்தபோது, இந்தியாவுக்கு ஏற்றும் குதிரைகளுக்கான லாயங்களையும் குஜராத்தி வியாபாரிகளையும் கண்டதாக அவர்களின் பதிவுகள் சொல்கின்றன. எங்கள் ஆட்களுக்கு இந்த வியாபாரம் புதிதல்ல. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வைத்துச் சொல்கிறது. 13-ம் நூற்றாண்டில் பாண்டியர் வருசாவருசம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கினார்கள். ஓர்முஸ், கீஷ், ஏடன் என்று எல்லா இடத்திலிருந்தும் காயலில் இறக்கினார்கள். குதிரைக்கு லாடம் அடிக்கவும் பராமரிக்கவும் அங்கே ஆளில்லாததால் அவை செத்துக்கொண்டே இருந்தன, வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பராமரிக்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே வரவிடுவதில்லை என்று ஒரு குறும்பும் சேர்த்திருக்கிறார். உண்மையோ பொய்யோ, உதிரிப்பாக வியாபாரம் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

1507-ல் வந்தவர் அல்புகேர்க். ஓர்முஸைப் பிடிக்கப் போகும் வழியில் கல்ஹாத், குரியாத், மஸ்கட், சொஹார் என்று ஒவ்வொரு துறைமுகமாகப் பணியவைத்தோ எரித்தோ வந்தார். கோர்ஃபக்கான் எதிர்த்தது. ஊர் எரிந்தது. அந்தப் பயணத்தில் பிடிபட்டவர்களின் மூக்கையும் காதையும் அறுத்து, பார்ப்பவர்களுக்குப் பயம் வரட்டும் என்று விட்டார்கள். இன்று அந்த எதிர்ப்பை நினைவுகூர ஊரில் நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். சார்ஜா ஆட்சியாளர் எழுதிய நூலை வைத்துப் படமும் எடுத்திருக்கிறார்கள்.

பிறகு போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1666-ல் ஒல்லாந்தக் கப்பலொன்று வந்தபோது அந்தக் கோட்டை இடிந்து கிடந்தது. கடற்கரையை அண்டி ஏறக்குறைய 200 சின்ன வீடுகள், எல்லாம் பேரீச்சை மட்டையால் கட்டியவை, நல்ல தண்ணீர்க் கிணறுகள், அத்தி, முலாம்பழம் என்று அந்தக் கப்பலின் குறிப்பேட்டில் இருக்கிறது. பேரீச்சை மட்டை வீடு என்று வாசித்தபோது எனக்குப் பனையோலைக் கொட்டில்கள்தான் வந்தன. மன்னாரில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1560-ல். ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தது 1658-ல். அதற்கு எட்டு வருசம் கழித்து அதே கொடி இந்தக் குடாவுக்குள் வந்து கிணற்றுத் தண்ணீரை ருசி பார்த்திருக்கிறது.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அவன் பாவம், "ஓம் மாமா, ஓம் மாமா" எண்டு வந்தான். பிறகு கைப்பேசியில் யாரோடோ கதைக்க ஒதுங்கிவிட்டான்.

வாங்கில் ஒரு முதியவர் வெள்ளை வேட்டியுடன் இருந்தார். மலையாளி. மகன் இங்கே வேலை; மூன்று மாத விசாவில் வந்திருக்கிறாராம். நான் தமிழில் கேட்க, அவர் மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். மதராசிலும் கொஞ்சக் காலம் இருந்தவராம். கடலைப் பார்த்தபடி, "இதிலே நீந்தியிட்டுண்டா?" என்று கேட்டார். இல்லை, எனக்குக் கடலில் இறங்கப் பிடிக்காது என்றேன்.

"ஞான் நீந்தியிருக்கு," என்றார். "1968-ல். அந்தப் பாறைக்கு அப்புறம் இருந்து."

மலையாளிகளுக்கு கோர்ஃபக்கான் ஒரு சுற்றுலாப் பெயர் இல்லை. 1960களில் பேப்பூர், பொன்னானி, சாவக்காடு கரைகளிலிருந்து லாஞ்சிகளில் ஏறியவர்கள் வந்து குதித்த இடம் அது. அபுதாபி எண்ணெய் ஏற்றத் தொடங்கியது 1962-ல். டுபாய் தன் எண்ணெயைக் கண்டது 1966-ல். வேலை இருக்கிறது என்ற செய்தி அரபிக்கடலைக் கடந்துவிட்டது. ஆனால் 1971 திசம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் உருவாகும் வரைக்கும் இந்தக் கரைகளின் வெளிவிவகாரம் பிரித்தானியர் கையில். விசா எடுக்க வழியும் இல்லை, பணமும் இல்லை. வழி வைத்திருந்தவர்கள் லாஞ்சிக்காரர்.

லாஞ்சிக்காரருக்கு ஓர்முஸைத் தாண்டி டுபாய் கழிக்குள் போக விருப்பமில்லை. தூரம், ரோந்து, டீசல் செலவு. வாசலுக்கு வெளியே மலைக்குப் பின்னால் ஒளிந்த அமைதியான குடா இருக்கும்போது அவர்கள் ஏன் உள்ளே போகவேண்டும்? இருட்டில் வந்து, கரைக்குக் கிட்டப் போகாமல், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம். அலை இல்லாத இடம்தான் அவர்களுக்கும் வேண்டியிருந்தது. இன்றைக்குப் பிள்ளைகள் பந்தெறிந்து விளையாடுவதற்கு எந்தக் காரணமோ, அன்றைக்கு ஆட்களை இறக்கியதற்கும் அதே காரணம்.

முதியவர் சொன்னது: லாஞ்சியில் ஐம்பதுக்கு மேல் ஆட்கள். ஏறும்போது பம்பாய்ச் சரக்கு என்று சொன்னார்களாம். சரக்கு இவர்கள்தான். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு குவளை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ இரவு எஞ்சினை நிறுத்தி, "அதோ தெரிகிறது பாறை, அதைத் தாண்டினால் கரை, குதி" என்றார்கள். உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டித் தலையில் வைத்துக் குதித்திருக்கிறார். அவருக்கு ஆற்றில் நீந்திப் பழக்கம். "இரண்டு பேருக்கு நீந்தத் தெரியாது. அவர்கள் ஏறும்போதே சொன்னார்கள். பரவாயில்லை, ஆழம் இல்லை என்று ஏற்றினான்." அதற்கு மேல் அவர்களைப் பற்றி அவர் சொல்லவில்லை. பெயர்கூட ஒருவருடையதுதான் தெரியுமாம்.

கரை ஏறினால் ஊர் இல்லை, வீதி இல்லை. மலையை ஊடறுத்துத் தார்வீதி வந்தது 1970களில்தான். பேரீச்சந்தோட்டத்தில் பதுங்கிக் கிடந்து, ஒரு அரபிக் கிழவி கொடுத்த ரொட்டியைத் தின்று, ஆற்றுப்படுகை வழியே நடந்து, பிறகு லொறியின் பின்னால் ஏறி டுபாய்க்குப் போயிருக்கிறார். டுபாயில் ராஷித் துறைமுக வேலை 1967-ல் தொடங்கியிருந்தது. கல் சுமந்தார். 1972-ல் அந்தத் துறைமுகம் திறந்தபோது அவரிடம் கடவுச்சீட்டு வந்துவிட்டது.

சலீம் அகமது இயக்கி மம்முட்டி நடித்த "பத்தேமாரி" 2015-ல் வந்தது. இந்த லாஞ்சிப் பயணத்தைத்தான் அது தொடக்கத்தில் காட்டுகிறது. அதைப் பார்த்தாரா எண்டு கேட்டேன். "பாதியில் எழும்பி வந்தாச்சு," என்றார். "படத்தில் எல்லாரும் நன்றாக நீந்துகிறார்கள்."

அந்தக் கரையில் நான் நடந்த தூரத்தில் 1507-ஐச் சொல்லும் பலகைகளைக் கண்டேன். லாஞ்சியில் வந்தவர்களுக்கு ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை. ஆச்சரியமும் இல்லை. எதிர்த்து நின்றவர்களுக்குச் சின்னம் வைக்க எல்லா அரசுகளுக்கும் விருப்பம். களவாக வந்து கல் சுமந்தவர்களுக்கு வைத்தால், இன்றைக்கு வருபவனை எப்படித் திருப்பி அனுப்புவது?

"நிங்ஙளோ? எப்படி வெளிநாடு போச்சு?" என்று முதியவர் கேட்டார்.

நான் சொன்னேன். 1990 யூனில் இரண்டாவது சண்டை தொடங்கியது. பேசாலையில் ஒரு இரவு பிளாஸ்ரிக் வள்ளத்தில் இருபத்திரண்டு பேர் ஏறினோம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். ஓட்டி ஒரு மணல் தீடையில் வள்ளத்தை முட்டி, "இந்தியா வந்திட்டுது, கெதியா இறங்குங்கோ" எண்டான். இறங்கினோம். வள்ளம் போய்விட்டது. விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். இராமர் அணை என்று சொல்கிற திட்டுகளில் ஒன்று. முழங்கால் உயரத்துக்கு ஒரு செடிகூட இல்லை. இந்தியக் கரை கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. தண்ணீர் முடிந்து, பின்னேரம் இராமேஸ்வரத்து மீனவர்கள் கண்டு ஏற்றிக்கொண்டு போகும் வரைக்கும் பதினொரு மணித்தியாலம் அங்கே நின்றோம். அந்த வருசமும் அடுத்த வருசமும் சேர்த்து ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படிக் கடந்தார்கள். எங்களுக்குப் பிறகு அதே தீடைகளில் இறக்கப்பட்ட எல்லாரையும் மீனவர் காணவில்லை.

முதியவர் கேட்டுக்கொண்டிருந்து, "அப்போ நமக்கு ஒரே லாஞ்சிக்காரன்தான்," என்று சிரித்தார். பிறகு, "நிங்ஙளுக்கு யுத்தம். எங்களுக்குப் பட்டினி," என்றார்.

பல வருசத்துக்கு முன்னர், நான் இப்போது வாழும் குளிர்நாட்டில், ஒரு மேசைக்கு எதிரே இருந்தவர் என்னிடம் மூன்று மணித்தியாலம் கேட்டதன் சாரம் இதுதான்: உனக்கு யுத்தமா, பட்டினியா? யுத்தம் என்றால் இருக்கலாம், பட்டினி என்றால் போகவேண்டும். நான் யுத்தம் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் 1990-ல் எங்கள் வீட்டில் நெல்லும் இல்லை, அப்பாவுக்குக் கடலுக்குப் போக அனுமதியும் இல்லை என்பதை நான் அன்று வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் பிழைக்கும் என்று மொழிபெயர்த்தவர் முன்கூட்டியே காதில் போட்டிருந்தார். அகதிகளாகிய எங்களில் பலர் இன்றைக்கும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களைப் பற்றிக் கொஞ்சம் இளக்காரமாகக் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். "அவங்கள் காசுக்குப் போனவங்கள்." நாங்கள் என்னத்துக்குப் போனோமாம்?

வளைகுடா நாடுகள் ஆறும் 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. இங்கே தொழிலாளி உண்டு, விருந்தாளி உண்டு, அகதி என்ற சட்டப்பெயர் கிடையாது. 2012-ன் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவுக்குப் போக முயன்று கடலில் தத்தளித்த நாற்பதுக்கு மேற்பட்ட ஈழத்தமிழர்களை ஒரு வணிகக்கப்பல் காப்பாற்றி டுபாயில் கொண்டுவந்து இறக்கியது. ஐ.நா. அகதிகள் அமைப்பு அவர்களிற் பலரை அகதிகள் என ஏற்றது. ஏற்ற பிறகும் 2013 ஏப்ரலில் 19 பேர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் ஆபத்தில் இருந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் கத்தவேண்டி வந்தது. தங்களை ஏற்கும் ஒரு மூன்றாம் நாட்டைத் தேடி ஜெபல் அலியில் காத்திருந்தார்கள். அங்கேயிருந்து இந்தக் குடாவுக்கு ஒன்றரை மணித்தியாலக் கார்ப் பயணம்.

எங்கள் பொடியன் கடதாசிக் கோப்பைகளில் கரக் தேத்தண்ணி வாங்கி வந்து பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று எனக்குத் தெரியாது. 1990, பேசாலை என்ற சொற்கள் அவருக்குக் கேட்டிருக்கும்.

முதியவரை மகன் வந்து கூட்டிப்போனார். நாங்கள் இருவரும் தேத்தண்ணி குடித்தோம். கதையை வேறு பக்கம் திருப்ப நான் முத்துக்குளிப்பைப் பற்றித் தொடங்கினேன். (எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சங்கடம் வந்தால் வரலாறு பேசுவது.)

இந்தக் கரைகளிலிருந்து நாங்கள் வேலை தேடி வருவதற்கு முன்னர், வளைகுடா அரபிகள் வேலை தேடி எங்கள் கரைக்கு வந்தார்கள். மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில் முத்துச்சலாபம் திறந்தால், குவைத், பஹ்ரைன் பக்கமிருந்து பாய்க்கப்பல்களில் பெருந்தொகையாக வந்து குளித்தார்கள். அரபிகள் மூக்குக்குக் கொம்பாலான கவ்வி போடுவார்கள். எங்கள் பக்கத்தார் விரலால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லும் கடற்கட்டிகள் கரையில் இருந்தார்கள். அரசாங்கமே அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த காலமும் உண்டு. 1905-ம் வருசச் சலாபத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்து, அரசாங்கம் 25 இலட்சம் ரூபா வருமானம் பார்த்தது. எடுத்ததில் மூன்றில் ஒன்று குளித்தவருக்கு, மிச்சம் அரசுக்கு. ஒவ்வொரு இரவும் ஆயிரம் ஆயிரமாக ஏலம். இருபது முப்பதாயிரம் சனம் ஒரு வெறும் கடற்கரையில் கொட்டில் போட்டு இரண்டு மூன்று மாதம் வாழும், பிறகு ஒரு நாளில் காலி.

1906-ம் வருசச் சலாபத்தை மேற்பார்க்க யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து இருபத்தைந்து வயது வெள்ளைக்காரர் ஒருவரை அனுப்பினார்கள். லெனர்ட் வூல்ஃப். பிற்காலத்தில் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர். சிப்பி கொட்டி எண்ணும் "கொட்டு" என்ற வேலிக்குள் இரவு பகலாக நின்றவர். அழுகிய சிப்பியின் நாற்றத்தையும், குளிக்கும்போது செத்த ஒரு அரபியை மற்றவர்கள் தூக்கிவந்த இரவையும் தன் நினைவுகளில் எழுதினார். தமிழரைவிட அரபிகளை அவருக்குப் பிடித்திருந்தது. தன்னை அவர்கள் சமமான மனுசனாக நடத்தியது காரணமாம். வாசிக்கும்போது கொஞ்சம் சுடும், ஆனால் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1907-டன் பெரிய சலாபங்கள் ஓய்ந்தன. சிப்பிப் பார்கள் வெறுமையாயின. பிறகு சப்பான்காரரின் வளர்ப்பு முத்து வந்து, 1930களில் வளைகுடாவின் முத்துத்தொழிலையும் படுக்கவைத்தது. எண்ணெய் வரும்வரை இந்தக் கரையில் இருந்தது பேரீச்சையும் மீனும் பசியும்தான். இந்தப் பக்கத்து ஆண்களே 1950களில் குவைத்துக்கும் சவூதிக்கும் கூலிக்குப் போனவர்கள். கடலோரப் பையனுக்கு ரொட்டி கொடுத்த அந்த அரபிக் கிழவியின் மகனும் எங்கேயோ கல் சுமந்துகொண்டிருந்திருப்பான்.

"அரபிகளோட எங்கட ஆக்களும் குளிச்சிருக்கினம்," என்றார் பொடியன். "எங்கட மூத்தவாப்பா முத்துக்குளிச்சவர் எண்டு உம்மா சொல்லுவா. எருக்கலம்பிட்டி."

இப்போது ஊர்ப்பெயர் வந்துவிட்டது. எருக்கலம்பிட்டிச் சோனகரும் கீழக்கரைச் சோனகரும் இல்லாமல் சலாபமே நடந்ததில்லை. மன்னார்த்தீவில் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரையும் வெளியேறச் சொன்னார்கள். ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள், மன்னாரில் சில நாட்கள். மறிச்சுக்கட்டி, சிலாவத்துறைக்காரர் தெற்கே வெளியேறினார்கள். எருக்கலம்பிட்டிக்காரர் வள்ளம் ஏறிக் கல்பிட்டிக்குப் போனார்கள். அவர் அப்போது ஆறு வயது. புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, முகாமில் படித்து, இருபத்தொரு வயதில் சார்ஜாவுக்கு வந்திருக்கிறார்.

அது நடந்தபோது நான் மண்டபம் முகாமில் இருந்தேன். கார்த்திகை மாதம் செய்தி வந்தது. பிறகு வந்து சேர்ந்தவர்கள் விபரமாகச் சொன்னார்கள். நாங்களும் சில மாதத்துக்கு முன்னர் அதே கரையிலிருந்து வள்ளம் ஏறியவர்கள். அன்றைக்கு இரவு எங்கள் வரிசையில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சிலர் ஏதோ காரணம் சொன்னார்கள். மிச்சப்பேர் சோற்றுக்கு வரிசையில் நின்றோம். நானும் நின்றேன். ஐரோப்பாவுக்கு வந்த பிறகும், 1990-ல் நான் பட்டதை எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அந்த வருசத்து ஒக்டோபரைப் பற்றி எழுதியதில்லை.

மஃரிப் பாங்கு கேட்டது. அவர் தொழப் போய்விட்டு வந்தார். மருமகனும் வந்து சேர, வெளிக்கிட்டோம். அவன் பின்சீற்றில் நித்திரையாகிவிட்டான். முதலாவது சுரங்கத்துக்கு முன்னால், மேலே எழுதியதை அவருக்குச் சொன்னேன். மண்டபத்தில் செய்தி வந்ததையும் நான் பேசாமல் இருந்ததையும். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, தட்டுத்தடுமாறித்தான்.

அவர் கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"மழைக்காலம் அண்ணன் அது," என்றார். "வள்ளத்துக்குள்ள தண்ணி. உம்மா என்னைத் தலையில வைச்சிருந்தா. அதுதான் எனக்கு ஞாபகம்."

பிறகு சுரங்கம். உள்ளே விளக்குகள் மஞ்சளாக ஓடின. வெளியே வந்ததும் கேட்டார்:

"நாளைக்கு எத்தினை மணிக்கு பிளைற்?"

"இரவு ஒம்பதரை."

"கொழும்பில இருந்து மன்னாருக்கு எந்த வழியால போறீங்க?"

"புத்தளத்தாலதான்."

"அப்ப உம்மாவிட்ட ஒரு பார்சல் குடுக்கேலுமா? பெரிசில்லை. பேரீச்சம்பழமும் பால்மாவும், முழங்காலுக்குப் பூசுற தைலமும்தான்."

வீட்டுக்கு வந்து தராசில் வைத்துப் பார்த்தோம். ஏழு கிலோ. என்னுடைய பெட்டியில் ஆறு கிலோதான் இடம் இருந்தது. மருமகன் வாங்கித்தந்த சப்பாத்தை வெளியில் எடுத்து வைத்தேன்.